கோம்பை நாயை விளம்பரம் காப்பாற்றாது

நாட்டு நாய்க்குட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஓர் இனத்தையே காப்பாற்றுகிறார் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக ஊன்றிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் அதை எதிர்த்துப் பேச ஆளே இல்லை எனலாம். கோம்பை நமக்குப் பக்கத்து ஊர். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய நாய் நம் பெருமை. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் அதன் குட்டியைத் தேடி வாங்குகிறார்கள் என்றால் இனத்துக்கு நல்லதுதானே என்று கேட்கிறோம். நல்லதில்லை. இன்று குட்டிகள் விளம்பரப்படுத்தப்பட்டு விற்கப்படும் முறை அந்த இனத்தை ஈத்துக்கு ஈத்து கெடுத்துக்கொண்டிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு தலைமுறைக்கு முன் வசதியான வீடுகளில் அல்சேஷனும் பொமரேனியனும்தான் இருந்தன. நாட்டு நாய் தோட்டத்துக் குடிசையோடு நின்றுபோனது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையம் மட்டும் இடம்பெற்றது. 2017-இன் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நாட்டு மாட்டோடு சேர்த்து நாட்டு நாயையும் பேசவைத்தது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் புகழ்ந்தார். தேவை கூடியது, விலை ஏறியது. கைவிட்டிருந்தவர்களும் மறுபடி பெட்டை வளர்க்கத் தொடங்கினார்கள். வாங்க ஆள் இருந்தால்தான் வளர்க்க ஆள் இருப்பார், வளர்க்க ஆள் இருந்தால்தான் இனம் இருக்கும். இதுதான் அவர்கள் வாதம்.

இதில் முதல் பாதி உண்மை. பயனில்லாத நாய்க்கு யாரும் காலாகாலத்துக்கும் சோறு போட மாட்டார்கள். ஆனால் யாரிடம் வாங்கினாலும், எந்த வயதில் வாங்கினாலும், எந்த விளம்பரத்தை நம்பி வாங்கினாலும் அது இனத்துக்குச் செய்யும் உதவிதான் என்று அடுத்த அடி எடுத்துவைக்கிறார்களே, அந்த இடத்தில்தான் தவறு தொடங்குகிறது.

1. எண்ணிக்கை பெருகினால் இனம் பிழைத்துவிட்டது என்று யார் சொன்னது?

கோம்பை நாயைக் கோம்பை நாயாக்கியது அதன் வேலை. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி இறங்கும் தோட்டங்களில் இரவெல்லாம் விழித்திருந்து, அந்நியரை அண்டவிடாமல், வீட்டுக் குழந்தையிடம் மட்டும் அடங்கிப்போகும் நாய்க்குத்தான் அங்கே மதிப்பு. காரணமில்லாமல் குரைத்துக்கொண்டிருக்கும் பெட்டையின் குட்டியை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். ஆட்டைக் கடித்த கடுவனிடம் யாரும் தங்கள் பெட்டையைச் சேர்க்கமாட்டார்கள். யாரும் எழுதிவைக்காத இந்தத் தேர்வு பல தலைமுறையாக நடந்ததன் விளைவே நாம் இன்று பெருமைப்படும் நாய்.

விளம்பரம் வேறொரு தேர்வை நடத்துகிறது. கைப்பேசித் திரையில் செவலை நிறம் தெரியும். வாயின் கருப்பு தெரியும். வாலின் வளைவு தெரியும். நள்ளிரவில் தோட்டத்து வேலியோரம் அந்த நாய் என்ன செய்யும் என்பது தெரியாது. வாங்குகிறவர் தெரிவதற்குத்தான் விலை கொடுப்பார். விற்கிறவர் விலை கிடைப்பதைத்தான் பெருக்குவார். பத்து வருடம் இப்படியே போனால் கோம்பையின் நிறமும் வாலும் மட்டும் மிஞ்சும், குணம் போய்விடும். இதில் பச்சை மோசடிக்கும் இடம் இருக்கிறது. கருவாயுள்ள எந்தச் செவலைத் தெருக்குட்டியையும் படமெடுத்து ‘ஒரிஜினல் கோம்பை, 100 சதவீத கேரண்டி’ என்று போட்டுவிடலாம். ஒன்றரை மாதக் குட்டியின் படத்தை வைத்து யாராலும் மறுக்க முடியாது.

இந்தப் பாதை எங்கே போகும் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை, ராஜபாளையம் நாய் அதில் நமக்கு முன்னால் போயிருக்கிறது. பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும் இருந்தால்தான் அசல் என்று சந்தை முடிவு கட்டியது. நிறம் கலந்த குட்டிகள் ஒதுக்கப்பட்டன. காதின் உள்ளறை வேலை செய்ய நிறமிச் செல்கள் தேவை. உடம்பை முழுக்க வெளுக்கச்செய்யும் மரபணுக்கள் சில குட்டிகளில் அந்தச் செல்களைக் காதுக்குள்ளும் இல்லாமல் செய்துவிடுகின்றன. அப்படிப் பிறக்கும் குட்டிக்குச் சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடுகிறது. இதே வகை வெளுப்புள்ள டால்மேஷியனில், அமெரிக்காவில் பரிசோதித்த நாய்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் பிறவிச் செவிடு நெடுங்காலமாக அறிந்த குறைதான்.

இரண்டு காதும் கேட்காத குட்டியையாவது கூப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு காது கேட்காத குட்டி எல்லாக் குட்டிகளையும் போலவே ஓடி வரும். ஐந்து வார வயதுக்கு மேல் மூளையின் மின்சலனத்தைப் பதிவுசெய்யும் பரிசோதனை செய்தால்தான் தெரியும். செய்யாதவரை அது அழகான வெள்ளை நாய், இனப்பெருக்கத்துக்குப் போகும், குறையைத் தன் குட்டிகளுக்குக் கொடுக்கும். ‘மில்க் ஒயிட், பிங்க் நோஸ்’ என்று போடுகிற விளம்பரத்தில் ‘காது பரிசோதித்தது’ என்று ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா? காவலுக்கென்று வாங்கும் நாய்க்குக் காது கேட்குமா என்பதைவிட அதன் மூக்கு என்ன நிறம் என்பது பெரிதாகிவிட்டது. இதைச் செய்தது வெளிநாட்டு நாய் மோகம் இல்லை. நாட்டு நாயை நேசித்தவர்களின் பணம்.

2. ‘கலப்பே இல்லாத வம்சம்’ என்று எழுதுகிறவரிடம் கடுவனும் பெட்டையும் என்ன உறவு என்று கேளுங்கள்.

நாய் எண்ணிக்கை குறைவாக இருக்கும் இனத்தில் ‘கலப்பில்லை’ என்ற பெருமைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது நெருங்கிய இரத்தத்துக்குள் சேர்ப்பதுதான். நம் வீடுகளில் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள். அந்த உறவில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அண்ணன் தங்கைக் குட்டிகளைச் சேர்த்தால், அல்லது தகப்பனோடு மகளைச் சேர்த்தால், அது நான்கில் ஒன்று. மறைந்து கிடக்கும் குறைகள் வெளியே வர இதைவிட நல்ல வழி கிடையாது. ஈத்துக்கு வரும் குட்டிகள் குறையும், பிறந்தவை நோயைத் தாங்காமல் சாகும். ‘ராசியில்லாத பெட்டை’ என்று பழி அதன் தலையில் விழும்.

விளம்பரம் இதற்கு வேகம் கூட்டுகிறது. யூடியூபில் பேர் வாங்கிய ஒரு கடுவனின் குட்டி என்றால் விலை இரட்டிப்பாகும். எனவே சுற்றுவட்டாரத்துப் பெட்டைகளெல்லாம் அதே கடுவனிடம் போகின்றன. இரண்டு தலைமுறையில் யாரிடம் குட்டி எடுத்தாலும் ஒன்றுக்கொன்று ஒரே தாத்தா. நூறு வீட்டில் நூறு நாய் இருக்கும். மரபுக் கணக்கில் அது சில நாய்களுக்குத்தான் சமம்.

சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தாள், தாய் தகப்பன் பேரையும் மைக்ரோசிப் எண்ணையும் சொல்லும். அதற்கு அதனளவில் மதிப்பு உண்டு. காது கேட்குமா, குணம் எப்படி என்று அது சொல்லாது, சொல்வதாக அந்த அமைப்பும் உரிமை கொண்டாடவில்லை. விற்கிறவர்தான் அந்தத் தாளை ஆரோக்கியச் சான்றிதழ்போல் நீட்டுகிறார். தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலில் நாயினங்களைப் பதிவுசெய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் என்ற மூன்றைத்தான் சேர்த்தது. கோம்பைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஓர் இனத்தைப் பதிவுசெய்ய எத்தனை உருப்படி, எந்தெந்த ஊரில், என்ன உயரம், என்ன குணம் என்று கணக்கு வேண்டும். ஆயிரம் விளம்பரங்களை ஒன்றாகக் கூட்டினாலும் அந்தக் கணக்கில் ஒரு வரி தேறாது.

கலப்பு என்றாலே அழிவு என்ற எண்ணமும் சரியில்லை. டால்மேஷியன் இனத்தில் சிறுநீர்க் கல்லுக்குக் காரணமான மரபுக் குறை இனம் முழுக்க நிலைபெற்றிருந்தது. 1973-இல் ராபர்ட் ஷேபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயின்டர் நாயோடு சேர்த்து, பிறந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடேயே சேர்த்துக்கொண்டு வந்தார். குறை நீங்கியது, நாய் டால்மேஷியனாகவே இருந்தது. அமெரிக்க கென்னல் கிளப் அந்த வழிவந்த நாய்களை முறையாக ஏற்க 2011 ஆனது. அந்த இடைவெளியில் தூய்மை என்ற பேருக்காக நோயைச் சுமந்த நாய்களின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள்.

3. ‘நாட்டு நாய்க்கு நோய் வராது’ என்ற பொய் குட்டிகளைக் கொல்கிறது.

தடுப்பூசி வேண்டாம், பழைய சோறு போதும், எங்கள் தாத்தா ஊசி போட்டா வளர்த்தார் என்கிறார்கள். தாத்தா காலத்தில் பார்வோ வைரஸே கிடையாது. நாய்களைத் தாக்கும் அந்த வைரஸ் உலகில் பரவத் தொடங்கியது 1978 வாக்கில். இந்தியாவில் பதிவானது 1980-களின் தொடக்கத்தில். ரத்தக் கழிச்சலாக வந்து இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோகும் நோய் அது. அதற்கு நாட்டு நாய், சீமை நாய் என்ற பேதம் கிடையாது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஓர் ஈத்து செத்த இடத்தில் அடுத்த ஈத்தை வளர்த்தால் அதையும் பிடிக்கும்.

இங்கேதான் வயது முக்கியமாகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் வடிந்துபோகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். பூச்சி மருந்து இரண்டு வாரத்திலேயே தொடங்க வேண்டும். நம் பக்கத்து விளம்பரங்களில் குட்டி கைமாறுவது முப்பது, முப்பத்தைந்து நாளில். பால்குடி மறந்தும் மறக்காத பருவத்தில் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். ‘ஆல் இந்தியா டெலிவரி’ என்பதன் பொருள் அதுதான். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். ஏற்றும்போது துள்ளிய குட்டி வாங்கியவர் வீட்டில் நாலாம் நாள் சுருண்டு விழும். ‘எங்க வீட்ல நல்லாத்தான இருந்துச்சு, நீங்க என்ன குடுத்தீங்க’ என்று விற்றவர் கேட்பார். இரண்டு பேருமே நடந்ததைத்தான் சொல்கிறார்கள். செத்தது குட்டி.

உடம்போடு முடிவதில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஒரு நாய்க்குட்டியின் குணம் உருவாகும் காலம். அதில் முதல் பாதியைத் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கழித்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று அது படிக்கும். ஒரு மாதத்தில் பிரித்துக் கொண்டுபோன குட்டி, வளர்ந்த பின் வீட்டாரையே கடித்தால் ‘கோம்பை மூர்க்கம்’ என்று பேர் வைக்கிறோம்.

கன்னி நாயை விலைக்கு விற்பதில்லை, கல்யாணச் சீராகத்தான் கொடுப்பார்கள் என்று தெற்குச் சீமையில் சொல்வதுண்டு. அந்த வழக்கத்தில் ஒரு காவல் இருந்தது. கொடுத்தவருக்கு வாங்கியவர் வீடு தெரியும், வாங்கியவருக்குத் தாய் நாயைத் தெரியும், குட்டிக்கு என்ன ஆனதென்று அடுத்த திருவிழாவில் கேட்பார்கள். பழைய முறைக்குத் திரும்ப முடியாது. ஆனால் நேரில் போய்த் தாயோடு பார்த்து வாங்குவது இன்றும் முடியும். இங்கிலாந்து 2020 ஏப்ரலில் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது, குட்டி பிறந்த இடத்தில் தாயோடு காட்டித்தான் விற்க வேண்டும். குட்டி ஈனும் இயந்திரமாக வைக்கப்பட்டு மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பேரால் அது அறியப்படுகிறது. நம் விளம்பரங்களில் தாயின் படம் இருப்பதே அபூர்வம். விலையும் இருக்காது, ‘இன்பாக்ஸ் வரவும்’ என்றிருக்கும். தனியார் தங்களுக்குள் விலங்கு விற்பதை ஃபேஸ்புக் தன் விதிகளில் தடுத்திருக்கிறது, அதனால் விலையை உள்ளே பேசுகிறார்கள்.

4. பன்றி பிடிக்கும் வீடியோ எதற்கு விளம்பரம்?

கோம்பைக்கு எதிரே, பள்ளத்தாக்கின் மறுபக்கம் இருப்பது மேகமலை. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி நாயை விட்டுப் பன்றி பிடிப்பது வேட்டைக் குற்றம். ‘தகப்பன் ஒத்தையாகப் பன்றியை நிறுத்துவான்’ என்று குட்டி விற்கிறவர் குற்றத்தைக் காட்டிக் காசு வாங்குகிறார். இதை நம்பி வாங்கும் நகரத்து இளைஞர் அந்த நாயை மூன்றாம் மாடிப் பால்கனியில் சங்கிலியில் கட்டுகிறார். ஓட வேண்டிய நாய் ஓடாமல் கிடந்து வெறிபிடித்ததுபோல் குரைக்கும், கடிக்கும். ஒரு நாள் புறவழிச்சாலையில் இறக்கிவிடப்படும். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் முறை அகப்பட்டால் அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய்.

‘வாங்காதே, தத்தெடு’ என்பவர்களை இந்த இடத்தில் நினைக்கிறேன். துணைக்கு ஒரு நாய் போதும் என்கிறவருக்கு அவர்கள் சொல்வதே சரி, தெருக்குட்டியைப் போல அறிவும் தாக்குப்பிடிக்கும் திறனும் உள்ள நாய் கிடையாது. ஆனால் தோட்டக் காவலுக்குக் கோம்பை வேண்டும் என்கிற விவசாயிக்கு அந்தப் பதில் போதாது. அவர் வாங்கத்தான் செய்வார், எப்படி வாங்குகிறார் என்பதே கேள்வி.

5. ‘சட்டமெல்லாம் பெரிய பண்ணைக்கு, ஏழை வயிற்றில் அடிக்காதே’ என்பது கடைசி அரண்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் மதிக்கும் ஒரே வாதம் இது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பெட்டை வருஷத்துக்கு ஓர் ஈத்து போட்டால் பள்ளிக்கூடச் செலவு நடக்கும். அந்த வீட்டாரை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் விளம்பரச் சந்தையில் பெரும் பங்கு அவர்களுக்குப் போகிறதா? அவர்களிடம் ஒட்டுமொத்தமாகக் குட்டிகளை வாங்கி, இளவயதிலேயே ஏற்றி அனுப்பி, நாலு மடங்கு விலை வைக்கிறவர் இடைத்தரகர். கழிச்சலில் ஓர் ஈத்து முழுக்கச் செத்தால் நட்டம் பெட்டை வைத்திருந்தவருக்கு.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் விற்பனைக்காக நாய் இனப்பெருக்கம் செய்யும் தனிமனிதரையும் சேர்த்தே பேசுகின்றன, இடைத்தரகரையும் விடவில்லை. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதம் ஆன பிறகே சேர்க்கலாம். பன்னிரண்டு மாதத்தில் ஓர் ஈத்து, வாழ்நாளில் ஐந்து, எட்டு வயதுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப் வேண்டும். தடுப்பூசி விவரத்தை வாங்குகிறவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நாயை வெளியூருக்கு அனுப்ப மருத்துவர் சான்று வேண்டும் என்று 1978-ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளே சொல்கின்றன. இதில் எந்த விதி ஏழை வயிற்றில் அடிக்கிறது? வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும் பெட்டையிடம் இரண்டு ஈத்து எடுத்து மூன்றாம் வருஷம் அதைத் துரத்திவிடுகிறவரின் லாபத்தில்தான் அடிக்கிறது. பொய் விளம்பரம் கொடுத்தவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் கேள்வி கேட்கவும் வழி உண்டு. பதிவு எண் இல்லாத, ரசீது இல்லாத, பேர்கூட முழுதாகத் தெரியாத விற்பனையில் யார் மேல் வழக்குப் போடுவது?

உண்மையில் இடிக்கும் இடம் ஒன்றுதான், பதிவுக் கட்டணம் ஐயாயிரம் ரூபாய். ஒரு பெட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை. அதைக் காட்டி விதிகளையே தள்ளுபடி செய்யச் சொல்வதற்குப் பதில், இரண்டு பெட்டை வரை வைத்திருக்கும் வீடுகளின் கட்டணத்தைத் தமிழ்நாடு அரசே ஏற்கட்டும். சென்னை வாரியத்துக்கு அலையவிடாமல் உத்தமபாளையம் கால்நடை மருத்துவமனையிலேயே விண்ணப்பத்தை வாங்கட்டும். தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், கம்பம் என்று வீடு வீடாகப் போய்ப் பெட்டைக்கும் கடுவனுக்கும் சிப் போட்டு, எது எதற்கு என்ன உறவு என்று ஒரு பதிவேடு எழுத மாணவர்கள் போதும். எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்க்கக் கூடாது என்பது அதிலிருந்து தெரியும். எட்டு வாரம் தாயோடு இருந்த, இரண்டு ஊசி போட்ட குட்டி, பதிவு எண்ணோடு விற்பனைக்கு வந்தால் தரகரிடம் வாங்குவதைவிட விலை கூடும். கூடட்டும், அந்தக் கூடுதல் பணம் கோம்பையில் பெட்டையை வளர்த்த வீட்டுக்குப் போகும்.